கல்லாய் இறுகிய பிரேக் பெடலும் சத்துவாச்சாரிப் பட்டறையும்

சத்துவாச்சாரியில், ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டி நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையோரம், ஒரு தகரக் கொட்டகையும் அதன் முன்னால் ஒரு வேப்பமரமுமாக இருக்கிறது இந்தக் கார் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. அக்கம்பக்கத்தில் பாய் பட்டறை எங்கே என்று கேட்டால் கைகாட்டி விடுவார்கள். பிரேக் பெடல் இறுகிப்போய்க் காலுக்கு அடங்காமல் நின்ற என் காரை இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே கொண்டுபோனேன். அதே கோளாறுக்காக அதற்கு முன்பு வேறோர் இடத்தில் 7,400 ரூபாய் கொடுத்துவிட்டு, கோளாறையும் பத்திரமாக வீட்டுக்கு ஓட்டி வந்தவன் நான். ஆகவே இந்த மதிப்புரையில் அந்த அனுபவமும் கொஞ்சம் கலந்துதான் வரும்.

என்னுடையது 2013-ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் கார். அப்போது 88,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. காட்பாடி காந்தி நகரிலிருந்து கோட்டைப் பக்கம் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் போய்வருகிறேன். விருதம்பட்டில் தொடங்கி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, கிரீன் சர்க்கிள் வரைக்கும் காலை ஒன்பது மணிக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தச் சாலையின் தன்மை தெரியும். பத்தடி நகர்ந்து நிற்க வேண்டும், மறுபடி பத்தடி நகர்ந்து நிற்க வேண்டும். அந்த நெரிசலில்தான் கோளாறு முதலில் தலைகாட்டியது. முதல் முறை பிரேக்கை மிதித்தால் பெடல் வழக்கம்போல் மென்மையாக இறங்கும். இரண்டு மூன்று நொடிகளுக்குள் மறுபடி மிதித்தால் பாதியிலேயே கல்லைப்போல் நின்றுவிடும். ஏசி ஓடிக்கொண்டிருந்தால் தொல்லை இன்னும் கூடும். ஆனால் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா வரைக்கும் போய்வந்தால் ஒரு குறையும் தெரியாது. பாலத்து இறக்கத்தில் ஒருநாள், முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றத் திடீரென்று நின்றபோது, இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து முழுக் காலாலும் அழுத்திய பிறகே, ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. அன்று மாலையே பட்டறை தேடத் தொடங்கினேன்.

முதலில் போன இடம் எது என்பது இங்கே தேவையில்லை. பளபளப்பான தரை, கணினி ரசீது, கண்ணாடி அறையில் காபி எல்லாம் இருந்த இடம். நான் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில் பிரேக்கில் ஏர் பிடித்திருக்கும் என்று தீர்ப்பு வந்தது. பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றி, குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றும் ப்ளீடிங் செய்தார்கள், முன் சக்கரங்களின் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பேட்களைப் புதிதாகப் போட்டார்கள், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் கிட்டை மாற்றினார்கள். நான்காம் நாள் பெடல் மறுபடி கல்லாயிற்று. திரும்பிப்போனபோது, காலின் அழுத்தத்தைக் கூட்டித்தரும் பூஸ்டர் போய்விட்டது, புதிது போட வேண்டும், கூலி தவிர்த்து 6,500 ரூபாய் ஆகும் என்றார்கள். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஆயில், பேட், சிலிண்டர் எல்லாம் மாற்றியாயிற்று, மிச்சம் அதுதானே என்பது பதில். எஞ்சியதெல்லாம் குற்றவாளி என்ற இந்தக் கணக்கில் எனக்குச் சம்மதம் இல்லாததால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சத்துவாச்சாரிப் பட்டறைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். வேலை செய்யும் பையன்களும் வாடிக்கையாளர்களும் அவரைப் பாய் என்றுதான் அழைக்கிறார்கள்; நானும் அப்படியே அழைத்தேன். ஏர் பிடித்த கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார். “சார், காத்து பூந்தா பெடல் மெத்துமெத்துன்னு உள்ள போவும். உங்களுது கல்லு மாதிரி நிக்குது. ரெண்டும் வேற வியாதி சார்.” இது ஒரு சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் என் 7,400 ரூபாயும் இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதில்தான் போயிற்று. குழாய்க்குள் இருக்கும் பிரேக் ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால் ஆயிலுக்குள் காற்றுக்குமிழ் புகுந்தால் பெடல் பஞ்சுபோல் தரைவரை இறங்கும், விட்டுவிட்டு மிதித்தால் கொஞ்சம் மேலே வரும். பெடல் இறுகுவது பெரும்பாலும் ஆயில் பக்கத்துக் கோளாறே அல்ல. காலுக்குக் கைகொடுக்க வேண்டிய பூஸ்டருக்கு உதவி கிடைக்காமல் போவதால் வருவது, அல்லது பெடலிலோ சக்கரத்திலோ ஏதாவது ஒன்று துருவேறி அசைய மறுப்பதால் வருவது.

பூஸ்டர் என்பது என்ஜின் அறையின் பின்சுவரில், ஓட்டுநர் பக்கத்தில், கறுப்புச் சட்டியைப்போல் பொருத்தப்பட்டிருக்கும் தகர உருளை. அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது அதன் காற்றுப்பாதையான இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடத்தை, ஒரு தடித்த ஹோஸ் வழியாக இந்த உருளைக்குள் கொண்டுவருகிறார்கள். டீசல் வண்டியில் அதற்கென்று தனியாக ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும். பெடலை மிதித்ததும் சவ்வின் ஒரு பக்கம் வெளிக்காற்று நுழைகிறது, மறுபக்கம் வெற்றிடம் இருக்கிறது. இந்த வேறுபாடுதான் நம் காலோடு சேர்ந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. 8 அங்குல விட்டமுள்ள சவ்வின் மீது, வெற்றிடமானி பாதரச அளவில் 20 அங்குலம் காட்டும் நிலையில், ஏறத்தாழ 220 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை கிடைக்கும். அது நின்றுபோனால் அந்தச் சுமை முழுவதும் நம் தொடையின் தலையில் விழுகிறது. பிரேக் வேலை செய்யாமல் போவதில்லை. பிடிக்கும், ஆனால் நாம் பிடிக்க வைக்க வேண்டும்.

பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, என்ஜினை அணைத்த நிலையில் பெடலை ஐந்து முறை மிதித்து இறுக வைத்தார். பிறகு மிதித்த காலை எடுக்காமலே என்ஜினைக் கிளப்பினார். பூஸ்டருக்கு உயிர் இருந்தால், கிளப்பிய மறுகணம் பெடல் காலுக்கடியில் கொஞ்சம் தாழ வேண்டும். தாழ்ந்தது, ஆனால் தயங்கித் தயங்கித் தாழ்ந்தது. அந்தத் தயக்கத்தை என்னையும் உட்கார வைத்து உணரச் செய்தார். அடுத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு என்ஜினை அணைத்து, விட்டுவிட்டு மூன்று முறை மிதித்தார். முதல் மிதி ஆழமாக இறங்கியது, இரண்டாவது அதைவிடக் குறைவாக, மூன்றாவது இன்னும் குறைவாக. இப்படிப் படிப்படியாக உயர்ந்தால், உள்ளே சேமித்த வெற்றிடம் ஒழுகவில்லை, ஹோஸில் உள்ள ஒருவழி வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருளாம். மூன்றாவதாக, ஓடும் என்ஜினில் பெடலை மிதித்துப் பிடித்தபடியே சாவியைத் திருப்பி அணைத்து, அரை நிமிடம் அப்படியே வைத்திருந்தார். பெடல் காலை மேலே தள்ளவில்லை. காதைப் பெடலுக்கு அருகில் கொண்டுபோய் உஸ்ஸென்ற காற்றுச் சத்தம் வருகிறதா என்றும் பார்த்தார், அதுவும் இல்லை. “பூஸ்டர் நல்லா கீது சார்” என்று இறங்கினார். ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல், பத்தே நிமிடத்தில், 6,500 ரூபாய் மிச்சம்.

அப்படியானால் பெடல் ஏன் இறுகுகிறது? இங்கேதான் அவருடைய வேலையை நான் மெச்சுகிறேன். பூஸ்டரின் வாயில் ஒரு டி இணைப்பைப் போட்டு வெற்றிடமானியைப் பொருத்தினார். என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது முள் 19 அங்குலத்தில் ஆடாமல் நின்றது. பெட்ரோல் என்ஜினுக்கு 18 முதல் 22 வரை இருந்தால் குறைசொல்ல முடியாது. பெடலை ஒரு முறை மிதித்து விட்டதும் முள் 12-க்கு விழுந்தது. அதற்குப் பின் மேலே ஏறுவதற்கு ஒரு கிழவர் மாடிப்படி ஏறுவதைப்போல் எட்டு நொடிகள் எடுத்துக்கொண்டது. கண் சிமிட்டுவதற்குள் ஏற வேண்டிய முள் அது. மேனிஃபோல்டு பக்கம் மானியை மாற்றிப் பார்த்தால் அங்கே உறிஞ்சும் பலத்தில் குறைவேயில்லை. ஆக, உற்பத்தியாகும் இடத்தில் வெற்றிடம் இருக்கிறது, சேரும் இடமும் ஒழுகவில்லை. நடுவில் இருக்கும் வழிதான் அடைத்திருக்கிறது. முதல் மிதி மென்மையாகவும் உடனே வரும் இரண்டாவது மிதி கல்லாகவும் இருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பூஸ்டருக்குள் இருந்த கையிருப்பு முதல் மிதிக்குப் போதுமானதாக இருந்தது. அது மறுபடி நிரம்புவதற்குள் விருதம்பட்டு நெரிசலில் நான் அடுத்த மிதியை மிதித்துவிடுகிறேன். நெடுஞ்சாலையில் மிதிக்கும் மிதிக்கும் இடையே அவகாசம் இருந்ததால் அங்கே கோளாறு தெரியவில்லை.

ஹோஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியே பார்த்தால் ஒரு கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. என்ஜின் பக்கத்து முனையில் மட்டும், விரலால் அழுத்தினால் வேகவைத்த கத்திரிக்காயைப்போல் குழைந்தது. ஒரு முனையை வானத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் பிறை நிலாவாகத் தெரிந்தது. உள்சுவரின் ரப்பர், ஆயில் ஆவியிலும் வெப்பத்திலும் ஊறிப்போய், ஒரு நாக்கைப்போல் உரிந்து குழாயின் குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் உறிஞ்சும்போதெல்லாம் அந்த நாக்கு இழுபட்டு வழியை மூடியிருக்கிறது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை உள்ளே விட்டு அதைத் தூக்கிக் காட்டினார். பதினோரு வருட வேலூர் வெயிலைத் தாங்கிய ரப்பர்; ஊரை வெயிலூர் என்று நாமே கேலி பேசும்போது, பானெட்டுக்குள் இருக்கும் ரப்பரை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒருவழி வால்வையும் கழற்றித் துடைத்து என்னிடம் நீட்டி, வாயால் ஊதிப் பார்க்கச் சொன்னார். பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், என்ஜின் பக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. சரியாக இருந்தது. இருந்தாலும் புதிய ஹோஸோடு வால்வும் சேர்ந்தே வருவதால் மாற்றிவிடுவது நல்லது என்றார், ஒப்புக்கொண்டேன்.

உதிரிப்பாகம் கிடைத்த கதை சுருக்கமானது. வேலூரில் அவர் கேட்ட இரண்டு கடைகளில் அந்த மாடலுக்கான ஹோஸ் இல்லை. ஒரு கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் ரப்பர் குழாயை வெட்டித் தருவதாகச் சொன்னார்களாம். தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் பயன்படும் அந்தக் குழாய் வெற்றிடத்தில் சப்பிக்கொள்ளும் என்று மறுத்துவிட்டார். சென்னையிலிருந்து வரவழைத்ததில் ஒன்றரை நாள் போனது. மறுநாள் நண்பகலில் வண்டி தயார் என்று சொன்னவர் மாலை ஏழு மணிக்குத்தான் சாவியைக் கொடுத்தார். இடையில் நான் செய்த நான்கு அழைப்புகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. இது அவருடைய வழக்கம் என்று பையன்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்; எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாமதத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. புதிய ஹோஸ் போட்டபின் முள் உடனுக்குடன் ஏறியது, பெடலும் இறங்கியது. ஆனால் சர்வீஸ் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று முன் சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கினார். வலது சக்கரம் கையால் தள்ளியதும் சுழன்றது. இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. கழற்றினால், பேட்களைத் தாங்கி அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கான இரண்டு பின்களில் கீழ்ப் பின் இறுகிக் கிடந்தது. மூன்று மாதங்களுக்கு முன் போட்ட புதிய பேட்டில் உட்பக்கம் 6 மில்லிமீட்டரும் வெளிப்பக்கம் 9 மில்லிமீட்டரும் மிச்சமிருந்தன. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் பின்னைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பாடமாம். பேட் மாற்றிய முதல் பட்டறையில் சக்கரத்துக்குப் பூசும் சாதாரண கிரீஸையே அந்தப் பின்னுக்கும் பூசியிருந்தார்கள். பெட்ரோலியத்திலிருந்து வரும் அந்த கிரீஸ், பிரேக்கில் பயன்படும் ரப்பரை ஊதவைத்துவிடும். பின்னின் ரப்பர் உறை உப்பிப்போய்ப் பின்னைக் கவ்விக்கொண்டிருந்தது. பின்னைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புதிய உறை மாட்டி, சிலிக்கான் கிரீஸ் பூசினார். பிரேக் ஆயில் புதிதாக இருந்ததால் அதை அவர் தொடவில்லை. இதே காரணத்தால்தான் பிரேக் ஆயில் டப்பாவில், மூடியில் எழுதியுள்ள டாட் 3 அல்லது டாட் 4 வகை பிரேக் ஆயில் தவிர, என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது என்று வேலையினூடே பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அது பயன்பட்டது.

கணக்கு இது: வால்வோடு சேர்ந்த ஹோஸ் 1,150 ரூபாய், பின் உறைகளும் கிரீஸும் 380, கூலி 900. மொத்தம் 2,430. பழைய ஹோஸையும் பழைய வால்வையும் ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பார்ப்பதற்கென்று தனியாக ஏதும் வாங்கவில்லை, வாங்கியிருந்தாலும் கொடுத்திருப்பேன். ரசீது கேட்டபோது ஒரு நோட்டுத்தாளைக் கிழித்துத் தேதி, வண்டி எண், செய்த வேலை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டார். அலுவலகத்தில் செலவுக்கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு இது போதாது.

வேறு குறைகளும் உண்டு. உட்கார இடம் கிடையாது. வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போட்ட டயர்தான் நாற்காலி, மே மாதத்தில் அதுவும் கொதிக்கிறது. பேச்சு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். நான் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டபோது முகம் சுளித்தார். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டிகளைப் பார்ப்பதற்கான ஸ்கேன் கருவி அவரிடம் இல்லை. அப்படி வந்த ஒருவரை என் கண்ணெதிரே, இது என் வேலை இல்லை என்று வேறிடத்துக்கு அனுப்பினார். அதை நான் குறையாக எழுதுகிறேனா, நிறையாக எழுதுகிறேனா என்பது எனக்கே தெளிவாகவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்ன இரண்டு செய்திகளை அவசியம் எழுத வேண்டும். ஓடும்போது பெடல் திடீரென்று இறுகினால், விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு மிதியும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச வெற்றிடத்தையும் தின்றுவிடும். ஒரே மிதியாக, தேவையென்றால் இரு கால்களாலும் அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெதுவாக ஏற்றி நிறுத்த வேண்டும். பெடல் மெத்தென்று இறங்கும்போது செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. இரண்டாவது, மலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களைப் பற்றியது. அணைத்தபின் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கான உதவிதான் இருக்கும். நான்காவது வளைவில் என்ன நடக்கும் என்பதை என் கால் விருதம்பட்டிலேயே கற்றுக்கொண்டுவிட்டது.

போன மாதம் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போய்வந்தேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். முன்னால் ஒரு வேன் ஊர்ந்துகொண்டிருந்ததால் அடுத்தடுத்து மிதிக்க வேண்டியிருந்தது. முதல் மிதிக்கும் ஐந்தாவது மிதிக்கும் காலில் வேறுபாடு தெரியவில்லை. கீழே இறங்கி நிறுத்தியபோது இடது சக்கரத்தின் ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். வலது சக்கரத்தின் அளவே சூடு. பின் சக்கர டிரம்களை 90,000 கிலோமீட்டரில் திறந்து பார்க்க வேண்டும், வந்துவிடுங்கள் என்று பாய் சொல்லியிருக்கிறார். இன்னும் அறுநூறு கிலோமீட்டர் இருக்கிறது. போவதாக இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். தொழுகைக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத்தான் திறக்கிறார். அழைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம், எடுக்க மாட்டார்.